மணிக்குகையில் பத்துக்குப் பத்து

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து தீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"கஸ்தூரி மேடம், இனிமே கேமை கம்ப்யூட்டரே ஆடிப் பாத்துக்குமாம். ஒரு நாளைக்கு ஆயிரம் வாட்டி ஆடுமாம். நம்ம வேல இன்னா ஆவுமோன்னு எல்லாரும் பேஜாரா கீறோம். நீங்க இத்தினி வருசம் இருந்தீங்களே, எதனா எழுதிக் குடுங்க. ஆபீஸ் மலர்ல போடறோம்" என்றாள்.

கம்ப்யூட்டர் ஆடட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரே சுவரில் ஒரே பொம்மையை நாள் முழுக்க முட்டவைத்து என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் காபி டம்ளரைத் தூக்கும்போது சுருக்கென்கிறது. அந்த வலியை ஒரு இயந்திரம் வாங்கிக்கொண்டால் நல்லதுதான். வேலை இருக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. ஒரு விளையாட்டைச் சோதித்தபோது எங்களுக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

உத்திரமேரூரில் என்னைப் போன்ற ஒருத்தி வீடியோ கேம் ஆடிச் சம்பளம் வாங்கினாள் என்றால் அப்போது யாரும் நம்பவில்லை. என் மாமியார் சொந்தக்காரர்களிடம் "பேங்கு மாதிரி ஒரு வேல" என்றே கடைசிவரை சொல்லிவந்தார். நான் அதற்கு முன் ஒரு நர்சரி பள்ளியில் கிளார்க். சென்னைக் கம்பெனி ஒன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், விதை உரக்கடையின் மாடியில் இரண்டு ஹாலை வாடகைக்குப் பிடித்து, இன்சூரன்ஸ் பாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் எடுத்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மூன்று வருடத்தில் பாரங்கள் வருவது நின்றுபோனது. கம்பெனி மூடிவிடும் என்று நாங்கள் பயந்திருந்தபோது, வெளிநாட்டு விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலை வந்தது. முப்பது பேரில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள். ஆறு வாரம் பயிற்சி. முதல் வாரம் முழுக்க எனக்கு கன்ட்ரோலரில் எந்தக் கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதே பிடிபடவில்லை. பயிற்சியைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது கரீம் சாரைப் பற்றி. அவர்தான் எங்கள் லீட், குழுவின் தலைவர். வாலாஜாக்காரர். அதற்கு முன்பு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் போல்ட்டு பார்த்தவர். ஆயிரம் போல்ட்டில் மரை சரியில்லாத ஒன்றைக் கையால் தடவியே எடுப்பாராம். அவருக்கு வீடியோ கேம் ஆட வராது. கடைசிவரை வரவில்லை. ஆனால் அந்த வராத தன்மையைத்தான் அவர் எங்கள் மேல் கருவியாகப் பயன்படுத்தினார்.

என் முதல் ரிப்போர்ட்டை நான் மறக்க மாட்டேன். "வலப்பக்கம் போனால் பொம்மை மரத்துக்குள் மாட்டிக்கொள்கிறது" என்று எழுதினேன். அவர் அதைப் பிரிண்ட் எடுத்து என் மிஷினில் உட்கார்ந்தார். வலது பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தார். பொம்மை போய் முதல் பள்ளத்தில் விழுந்து செத்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி செத்தது. மூன்றாவது முறையும் அப்படியே. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி சும்மா இருந்தார். ஹாலில் எல்லோரும் வேலை செய்வதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"மாட்டலையேம்மா. செத்துல்ல போகுது" என்றார்.

"நடுவுல ஒரு பள்ளம் கீது சார். அத்த தாண்டணும்."

"பேப்பர்ல அது எங்கம்மா இருக்கு?"

அவ்வளவுதான். திட்டவே இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த ரிப்போர்ட்டிலும் ஒரு படி விட்டுப்போனதில்லை. எந்த இடத்தில் நின்றோம், எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினோம், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு கட்டம் உண்டு. பத்து முறை செய்து பார்த்ததில் எத்தனை முறை அப்படி ஆனது. இரண்டு முறைதான் என்றால் இரண்டு என்றே எழுத வேண்டும். 'நினைக்கிறேன்' என்ற சொல் ரிப்போர்ட்டில் வரக்கூடாது. தவறுகளுக்கு ஏ, பி, சி என்று வகுப்பு. 'ஏ' என்றால் அதைச் சரிசெய்யாமல் விளையாட்டு வெளியே போகக்கூடாது; 'பி', 'சி' என்றால் அப்படியே போகலாம். எல்லாம் முடிந்த பிறகு கடைசித் தாளில் லீட் கையெழுத்துப் போடுவார்.

வருடங்கள் கழித்து எங்களுக்கு அந்தப் பெரிய வேலை வந்தது. குழந்தைகளுக்காக ஒரு கார்ட்டூன் சினிமா வெளிநாட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. அதே கதையை வைத்து ஒரு விளையாட்டு. பெயரைச் சொல்லக் கூடாது என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் சொல்லவில்லை. ஒரு நீர்நாய்க்குட்டி. வெள்ளத்தில் தாயைப் பிரிந்துவிடுகிறது. ஆற்றை எதிர்த்து மேலே மேலே போய்த் தாயைக் கண்டுபிடிக்க வேண்டும். மேடைக்கு மேடை தாவி, பாறை ஏறி, மரக்கட்டை மேல் மிதந்து, பன்னிரண்டு கட்டங்கள். ஆறு வயதுப் பிள்ளை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து ஆடுகிற மாதிரி. நாங்கள் அந்தக் குட்டிக்குச் சின்னான் என்று பெயர் வைத்திருந்தோம்.

சினிமாவும் விளையாட்டும் ஒரே நாளில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. சினிமா தேதி மாறாது. எனவே விளையாட்டைப் பதிந்த சிடி தட்டு அச்சுக்குப் போகும் தேதியும் மாறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களில் இந்த வேலையை மிக நன்றாகச் செய்தவள் கன்னியம்மா. பெருநகருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். அவர்கள் தெருவில் முதலில் கல்லூரி முடித்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் நடவு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவள் வந்து சேர்ந்தபோது இருபத்து நான்கு வயது. என்னைவிட பதினெட்டு வயது சின்னவள். வந்த இரண்டாம் மாதத்தில் நான் கண்டுபிடித்ததைப்போல மூன்று மடங்கு தவறுகளைக் கண்டுபிடித்தாள். எப்படி என்று கேட்டேன்.

"நேரா போற வழியில எல்லாரும் போவாங்கக்கா. அங்க எல்லாம் சரியாத்தான் இருக்கும். போவாத எடத்துல போய் நின்னுக்கினு சும்மா குதிச்சா தெரியும்" என்றாள்.

அந்த வேலைக்கு நாங்கள் வைத்த பெயர் சுவர் வேலை. ஒவ்வொரு சுவரையும் முட்டுவது, ஒவ்வொரு மூலையிலும் பொம்மையை அழுத்திக் குதிக்கவைப்பது. பிள்ளைகள் அப்படித்தான் ஆடுவார்கள். வழி தெரிந்தாலும் போக மாட்டார்கள், ஒரே இடத்தில் நூறு முறை குதித்துச் சிரிப்பார்கள்.

ஏழாவது கட்டம் ஒரு குகை. உள்ளே கல்மணிகள். சின்னான் ஒரு மணியின் மேல் குதித்தால் அது ஒலிக்கும், குகை முழுவதும் ஒரு கணம் பளிச்சென்று வெளிச்சமாகும், மறுபடி இருட்டு. அந்த ஒரு கணத்தில் வழியைப் பார்த்துக்கொண்டு அடுத்த மணிக்குத் தாவ வேண்டும். சினிமாவிலும் இதுதான் முக்கியமான காட்சி என்றார்கள்.

தட்டு அச்சுக்குப் போக பதினோரு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் அமர்ந்து அரைமணி ஆகியிருக்கும். எனக்கு அடுத்த இருக்கை கன்னியம்மாவுடையது. மணிக்குகையில் சுவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரை படபடவென்று வெளுத்து வெளுத்துக் கறுப்பதை ஓரக்கண்ணில் பார்த்தேன். என்ன என்று திரும்புவதற்குள் கன்ட்ரோலர் கீழே விழுந்தது. அவள் நாற்காலியோடு சரிந்தாள். கை கால்கள் விறைத்து வெட்டத் தொடங்கின.

யாரோ ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணிக்கப் பார்த்தார்கள். கரீம் சார் வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"சாவி வேணாம்மா. வாயில ஒண்ணும் வைக்காதீங்க. நாற்காலியை எடுங்க. கஸ்தூரி, உன் துப்பட்டாவை மடிச்சு தலைக்குக் கீழ வை. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலாம்" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உடம்பு அடங்கும்வரை கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் வந்தது?" என்பதுதான். அந்தப் பதில் எங்களிடம் இருந்தது.

இரண்டாவதாக, என்ன செய்துகொண்டிருந்தாள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் திரையைப் பற்றிச் சொன்னேன். சிலருக்குப் பளிச் பளிச்சென்று அடிக்கிற வெளிச்சத்தில் வலிப்பு வரும், செங்கல்பட்டுக்குப் போய்த் தலையைப் பரிசோதியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

கன்னியம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சார்கிட்ட சாப்பிடாம வந்துட்டேன்னு சொல்லிடு. மயக்கம்னு சொல்லு."

"முன்னாடி வந்துகீதா?"

"சின்ன வயசுல ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி பஸ்ல. சாயங்கால வெயிலு புளியமரத்து நடுவுல பூந்து பூந்து வரும்பாரு, அத்தப் பாத்துக்கினே வந்தேன். அதுக்கப்பறம் பஸ்ல கண்ணத் தொறக்க மாட்டேன். இத்த சொல்லியிருந்தா என்ன வேலைக்கு எடுத்துக்கினு இருப்பாங்களா?"



மறுநாள் காலையில் கரீம் சார் என்னை ரிப்போர்ட் எழுதச் சொன்னார். "சோதனையாளர் ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்டது" என்று ஆரம்பித்தேன். அவர் பென்சிலால் அந்த வரியை அடித்தார்.

"இது அந்தப் பொண்ணோட விஷயம்மா. அதை எழுத நமக்கு உரிமை இல்லை. ஸ்க்ரீன்ல என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுது. அது போதும்."

எங்கள் ஆட்டம் எல்லாம் வீடியோவாகப் பதிவாகும். முந்தின நாள் பதிவை எடுத்து, ஓடவிடாமல், ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வினாடிக்கு முப்பது படம். ஐந்து படத்துக்கு ஒரு முறை திரை முழுக்க வெள்ளை. வினாடிக்கு ஆறு. மூன்றைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விதி. குழந்தைகள் ஆடுகிற விளையாட்டுக்கு அது இன்னும் கண்டிப்பு.

இனி அதை நான் செய்து காட்ட வேண்டும். ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எட்டத்தில் உட்கார்ந்து, நடு மணியின் மேல் குதித்தேன். ஒரு குதிக்கு ஒரு வெளிச்சம். சின்னான் மேலே போய்க் கீழே வர ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் அதே கதை. அன்று முழுக்க முயன்றேன். பத்துக்குப் பூஜ்யம். திரை வெளுத்துக் கறுப்பதில் சின்னான் எந்த மணியில் நின்றான் என்பதோ, கன்னியம்மாவின் விரல் என்ன செய்தது என்பதோ வீடியோவில் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை பெருநகர் பஸ்ஸைப் பிடித்தேன். வாய்க்காலைத் தாண்டி அவர்கள் தெருவுக்குப் போனபோது கன்னியம்மா வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் அம்மா முனியம்மா, அன்றைக்கு நடவுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"அந்தப் பொட்டிய பாத்துதான் இதுக்கு வந்துச்சாமே. நெசமா?"

"நெசந்தாம்மா. அதுல ஒரு தப்பு கீது. அத்த சரி பண்ணத்தான் வந்துகீறேன்."

"நீ சரி பண்ணு, பண்ணாம போ. எம்பொண்ண இனிமே அனுப்ப மாட்டேன். இது படிச்சி முடிக்கிறதுக்கு நாங்க பட்டது போதும். உசுரோட இருக்கட்டும்."

கன்னியம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "எத்தினி வந்துச்சுக்கா?" என்றாள்.

"ஒண்ணு கூட வரல."

அவள் கட்டிலடியில் கிடந்த இரண்டு ஓட்டுத் துண்டுகளை எடுத்தாள். ஒன்றைத் தரையில் வைத்தாள், மற்றொன்றைக் கையில் அதற்குமேல் பிடித்தாள். "நீ நடு மணியில குதிக்கற. அது இல்ல. கடைசி மணிக்கு மேல பாறை ஒண்ணு தாழ நீட்டிக்கினு கீது பாரு. அதுக்கு அடியில போ. வலப்பக்கம் தள்ளிக்கினே குதி. அதால மேல போவ முடியாது. பாறையில முட்டும், மணியில முட்டும், பாறையில முட்டும். பட்டனை வுடாத, அதுவா குதிச்சிக்கினே இருக்கும்." இரண்டு ஓட்டுக்கும் நடுவில் கட்டைவிரலை மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினாள். ஒவ்வொரு முட்டலுக்கும் மணி ஒலிக்கிறது, ஒவ்வொரு ஒலிக்கும் வெளிச்சம்.

முனியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்னப் புள்ளைங்க ஆடறதா இது?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."



அன்று மத்தியானம் ஆபீஸில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் சொன்னபடி செய்தேன். பத்துக்குப் பத்து. ஏழு படிகளாக எழுதினேன். கரீம் சார் தாளை வாங்கிக்கொண்டு என் மிஷினில் உட்கார்ந்தார். குதிக்கத் தெரியாத அந்த மனிதர், தாளை மட்டும் பார்த்துக்கொண்டு, பள்ளங்களைத் தாண்டி, கடைசி மணியில் பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்து, திரையை வெளுக்க வைத்தார். உடனே நிறுத்தினார். வகுப்பு என்ற கட்டத்தில் 'ஏ' என்று எழுதினார்.

விளையாட்டைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. வெளிச்சப் பரிசோதனை ஏற்கெனவே முடிந்து, தேறிவிட்டது. குகைக் காட்சி படத்தின் உயிர், அதில் கைவைக்க சினிமாக்காரர்களின் அனுமதி வேண்டும். எந்தப் பிள்ளையும் அந்த மூலைக்குப் போய் நிற்காது. 'சி' என்று மாற்றித் தாருங்கள். பிறகு சென்னை ஆபீஸ் மேனேஜர் போன் செய்தார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை, கரீம் சார் சொன்னது கேட்டது.

"புரியுது சார்... அடுத்த ப்ராஜெக்ட் வேற எடத்துக்குப் போயிடும்னு சொல்றீங்க. புரியுது."

போனை வைத்துவிட்டு அவர் ஜன்னலோரம் போய் நின்றார். கீழே உரமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பின்னாலேயே போய், "சார், 'பி' போட்டுடலாமா? அவங்களும் சமாதானம் ஆவாங்க" என்று கேட்டவள் நான்தான். என் பெரிய பெண் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். என் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. ஹாலில் மேஜைகளில் என்னைப் போலப் பதினோரு பேர். பாரங்கள் நின்றுபோன அந்த வருடம் எனக்கு ஞாபகம் வந்தது.

கரீம் சார் திரும்பினார். கோபம் இல்லை.

"நீ பத்துக்குப் பத்துன்னு எழுதிக் குடுத்தியேம்மா. அது பொய்யா?"

"இல்ல சார்."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எனக்குக் கொடுத்ததற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அவர் சென்னைக்குத் திருப்பிப் பேசினார். "சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க வேற யாரை வேணாலும் போடச் சொல்லுங்க. ஒரே ஒரு கண்டிஷன். போடறவங்க முதல்ல இந்த ஏழு ஸ்டெப்பையும் அவங்க கையால செஞ்சு பாக்கட்டும். இன்னொண்ணு, பரிசோதனைக்கு நீங்க அனுப்பின வீடியோ நேரா போற வழியில ஆடினது. கஸ்தூரி ஆடின வீடியோவை அனுப்புங்க. அது தேறிச்சுன்னா நானே 'சி' போடறேன்."

இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. நாங்கள் மற்ற கட்டங்களைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கன்னியம்மாவின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. இரண்டாம் நாள் மாலை டீ வரும் நேரத்தில் கரீம் சாரின் மிஷினில் மெயில் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். "அந்த வீடியோ தேறலை" என்றார். "சரி பண்ணி அனுப்பறாங்களாம். அடுத்த வேலையைப் பாருங்க."

அவர்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. மணி ஒலித்ததும் வெளிச்சம் மெல்லப் பரவும். மறுபடி அடித்தால் வெளிச்சம் அப்படியே நிற்கும், திரும்பப் பளிச்சிடாது. அடிப்பதை விட்டால் மெல்லத் தணியும். முன்பைவிட இது நன்றாக இருக்கிறது என்று சினிமாக்காரர்களே சொன்னதாகக் கேள்வி. அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது புதிய பதிப்பு வந்தது. கடைசி மணியில் பாறைக்கு அடியில் நின்று பத்து முறை செய்தேன். பத்திலும் பளிச்சிடவில்லை. கரீம் சார் கையெழுத்துப் போட்டார். அடுத்த ப்ராஜெக்டும் எங்களுக்கே வந்தது. அந்த மூலைக்குப் போய் நிற்கிற ஆட்கள்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ஆனால் கன்னியம்மா விஷயம் முடியவில்லை. செங்கல்பட்டில் பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்புக்கு முடியாதவரை வைத்துக்கொள்ளச் சட்டச் சிக்கல் வரும் என்று சென்னையில் யோசித்தார்கள். கரீம் சார் இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று எங்களிடம் சொன்னதில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. இனி எந்தப் புதிய கட்டத்தையும் வெளிச்சப் பரிசோதனை முடிக்காமல் எந்தச் சோதனையாளருக்கும் கொடுக்கக் கூடாது. கன்னியம்மா ஒலி, மெனு, சேமிப்பு இவற்றைச் சோதிப்பாள்.

பெருநகருக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனது நான். முனியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு மாதம் கழித்து, டாக்டர் சீட்டோடு கன்னியம்மா வேலைக்கு வந்தபோது அவரும் கூடவே வந்தார்.

"ஒரு நாளு இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

கரீம் சார் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் அமர்ந்தார். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை முனியம்மா மகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்களோடு சாப்பிட்டார். என் திரையையும் இடையிடையே பார்த்தார். மாலையில் என்னிடம் கேட்டார்.

"அது இன்னாத்துக்கு போவாம அதே எடத்துல குதிச்சிக்கினே கீது?"

"புள்ளைங்க அப்பிடித்தாம்மா குதிக்கும். அதுங்க குதிக்கறதுக்கு முன்னாடி நாங்க குதிச்சிப் பாத்துடறோம்."

"அப்ப சரி" என்றார். மறுநாளிலிருந்து கன்னியம்மா தனியாக வந்தாள்.

அவள் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. வலிப்பு திரும்ப வரவில்லை. நான்கு வருடம் கழித்து டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்து, எல்லாத் திரை வேலையும் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எங்களிடம் காட்டிய சனிக்கிழமை, வேலை அரை நாள்தான். எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பீரோவிலிருந்து அந்தப் பழைய தட்டை எடுத்து வந்தாள்.

"அக்கா, சரி பண்ணதுக்கப்பறம் அந்தக் கொகைய நான் இன்னும் பாக்கவே இல்ல. நீ பக்கத்துல குந்து."

நான் உட்கார்ந்தேன். கரீம் சார் பையைத் தோளில் மாட்டியவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் ஏழாவது கட்டத்தைத் திறந்தாள். முதல் மணியின் மேல் குதித்தாள். விளக்கெண்ணெய் தீபத்தைத் தூண்டிவிட்டதுபோல வெளிச்சம் மெல்ல ஏறியது. குகைச் சுவர் முழுக்க மீன்களும் தாமரைகளும் செதுக்கியிருப்பது தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அதுவரை அந்தச் சுவரைச் சுவராகத்தான் பார்த்திருந்தோம். அவள் நேராகக் கடைசி மணியில் பாறைக்கு அடியில் போனாள். வலப்பக்கம் தள்ளிக்கொண்டே குதித்தாள். மணி ஓயாமல் ஒலித்தது. வெளிச்சம் அசையாமல் நின்றது. அவள் கண்ணை மூடவில்லை.

"நல்லா கீதுக்கா" என்றாள்.

அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் குகையை விட்டு வெளியே வந்து எட்டாவது கட்டத்துக்குப் போனாள். பிறகு ஒன்பதாவது. ஒரு சுவரையும் முட்டவில்லை, எந்த மூலையிலும் நிற்கவில்லை. எல்லோரும் போகிற வழியிலேயே போனாள். சாயங்காலம் நாலரை மணிக்குப் பன்னிரண்டாவது கட்டத்தின் கடைசிப் பாறையிலிருந்து சின்னான் தண்ணீரில் குதித்தான். தாய் நீர்நாய் நீந்தி வந்தது. அந்தக் காட்சியை நான் அதற்கு முன் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருப்பேன், வால் தண்ணீருக்குள் சரியாக முங்குகிறதா, ஒலி பிந்துகிறதா என்று. அன்றைக்குத்தான் அந்தக் குட்டி தன் தாயிடம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன்.